நிறுத்துவதற்கு முன் ஒரு மணி நேரம் பின்சீட்டில் உட்காருங்கள்

மறுவாழ்வு மருத்துவமனையின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற வாரம் புறநோயாளிப் பிரிவின் கதவில் ஒட்டியிருந்த உங்கள் அறிவிப்பை இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு வரியையும் இடது ஓரத்திலிருந்துதான் படித்தேனா என்று சந்தேகம் வந்ததால் இரண்டாவது முறை. அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாகனம் ஓட்டும் திறனை மதிப்பிட்டுப் பயிற்சி தரும் பிரிவு இந்த மாதக் கடைசியோடு மூடப்படும், இரட்டை பிரேக் பொருத்திய கார் விற்கப்படும், அங்கே இருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர், வார்டு வேலைக்கு மாற்றப்படுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் "நான் வண்டி ஓட்டலாமா?" என்று கேட்கும் நோயாளிக்குக் கண்ணையும் கைகால் அசைவையும் பார்த்துவிட்டு, மருத்துவர் ஒரு படிவத்தில் "தகுதி உண்டு" அல்லது "தகுதி இல்லை" என்று குறித்துத் தருவார்.

எனக்கு அன்றைக்கு அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் "தகுதி உண்டு" என்றுதான் வந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் யாரையாவது கொன்றிருக்கவும் கூடும். கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை, நடந்ததைக் கேளுங்கள்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் என் மூளையின் வலப்பாதியில் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்போது நான் சேர்ந்திருந்தது வேறு மருத்துவமனை. நல்ல சிகிச்சைதான். இரண்டு மாதத்தில் கால் நடக்கும் அளவுக்குத் தேறியது, கை பாதி தேறியது. கண் மருத்துவர் எழுத்து அட்டையைக் காட்டினார், கடைசி வரி வரை படித்தேன். வண்டி ஓட்டுவதைப் பற்றி அங்கே யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. 22 ஆண்டுகளாக ஓட்டுகிறேன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

என் அம்மாவுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். நான் படுத்ததிலிருந்து தம்பிதான் விடுப்பு எடுத்துக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான். மூன்றாம் மாதம் அவனுடைய விடுப்பு தீர்ந்தது. ஒருநாள் காலையில் நான் சாவியை எடுத்தேன், அம்மா பின்சீட்டில் ஏறினார். மூன்றாவது திருப்பத்தில் "டப்" என்று ஒரு சத்தம். ஓரமாக நின்றிருந்த ஒரு வேனில் இடப்பக்கக் கண்ணாடி இடித்து மடங்கிவிட்டது. இப்படியா வண்டியை நிறுத்துவார்கள் என்று திட்டிக்கொண்டே போனேன். கொஞ்ச தூரம் போனதும் அம்மா கேட்டார்: "அந்த சைக்கிள் பையனை நீ பார்த்தாயா இல்லையா?"

"எந்தப் பையன்?"

வேனுக்குச் சற்று முன்னால் ஒரு சிறுவன் சைக்கிளோடு போயிருக்கிறான். என் கார் நெருங்கி வந்ததைப் பார்த்து, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓரமாகத் தாவியிருக்கிறான். பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு அது தெரிந்தது. முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்கு அப்படி ஒரு பையன் இருந்ததே தெரியாது. இன்றைக்கும் அவன் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவனை நினைக்காமல் நான் வண்டியைக் கிளப்பியது இல்லை.

உங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று எனக்குச் சொன்னது எந்த மருத்துவரும் அல்ல. பிசியோதெரபிக்கு வந்த இன்னொரு நோயாளியின் மனைவி சொன்னார். போனேன். உங்கள் தெரபிஸ்ட் என்னிடம் முதலில் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நாள் எப்படிப் போகிறது, எதில் தடுமாற்றம், சாப்பிடும்போது தட்டில் ஏதாவது மீந்துவிடுகிறதா என்றெல்லாம் கேட்டார். அப்புறம் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். சின்னச் சின்னப் படங்கள் இறைந்து கிடந்தன. அவற்றில் மணி படங்களை மட்டும் வட்டமிடச் சொன்னார். செய்து முடித்து, எல்லாம் ஆயிற்று என்று பேனாவை வைத்தேன். மொத்தம் 35 மணிகள். நான் வட்டமிட்டது 24. விட்டுப்போன 11 மணிகளும் தாளின் இடப்பாதியில் இருந்தன. தாளை மெதுவாக வலப்பக்கம் நகர்த்திக் காட்டினார். அதுவரை அங்கே இல்லாத மணிகள் ஒவ்வொன்றாக வந்தன.

என் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. கண் பார்த்ததை மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்த பலருக்கு இது வரும் என்றார் தெரபிஸ்ட். இடப்பக்கப் புறக்கணிப்பு என்று அதற்குப் பெயர். பார்வையில் பாதி போனவருக்காவது ஏதோ ஒன்று மறைகிறது என்று பெரும்பாலும் தெரிய வரும். புறக்கணிப்பு உள்ளவருக்குத் தான் எதையோ விடுகிறோம் என்பதே தெரியாது. எழுத்து அட்டை இதைக் காட்டாது. கையைத் தூக்கு, காலை நீட்டு என்ற சோதனையும் காட்டாது. உங்கள் புதிய படிவத்தில் இருப்பவை இந்த இரண்டும்தான்.

அன்று இன்னும் பல சோதனைகள் நடந்தன. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி, ஒன்றுக்கு அடுத்து முதல் எழுத்து, அதற்கடுத்து இரண்டு என்று 25 வட்டங்களைக் கோட்டால் இணைக்கும் சோதனையில் பாதி வழியில் திணறிவிட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மனதில் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. சிக்னல் மாறுகிறது, பக்கத்தில் ஒருவர் பேசுகிறார், பின்னால் ஹாரன் கேட்கிறது என்றால் சாலையில் வேண்டியதும் அதுதானே. வண்டி ஓட்டுவதை 1985-இல் நெதர்லாந்து உளவியலாளர் ஒருவர் மூன்று தளங்களாகப் பிரித்தார் என்று தெரபிஸ்ட் விளக்கினார். ஸ்டியரிங்கையும் பெடலையும் கையாள்வது கீழ்த்தளம். முந்தலாமா, இடைவெளி போதுமா, வேகத்தைக் குறைக்கலாமா என்று நொடிக்கு நொடி எடுக்கும் முடிவுகள் நடுத்தளம். எந்த வழியில் போவது, இந்த மழையில் இப்போது கிளம்பலாமா, இன்று உடம்பு ஒத்துழைக்குமா என்று புறப்படும் முன்பே யோசிப்பது மேல்தளம். கைகால் பரிசோதனை பார்ப்பது கீழ்த்தளத்தை மட்டும். நான் இடறியது நடுத்தளத்தில்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் தீர்ப்பு எழுதவில்லை. தாளில் தோற்றவர் சாலையில் சமாளிப்பதும் உண்டு, தாளில் ஜெயித்தவர் சாலையில் தோற்பதும் உண்டு, அதனால் சாலையில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றார். நீங்கள் விற்கப்போகும் காரில் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஓட்டுநர் பயிற்றுநர், அவர் காலடியில் இன்னொரு பிரேக். பின்சீட்டில் தெரபிஸ்ட், மடியில் குறிப்புத் தாள். முதலில் ஆளில்லாத திடல், பிறகு குடியிருப்புத் தெருக்கள், பிறகு சிக்னல், பிறகு போக்குவரத்து நிறைந்த சாலை. கடைசியில், வழி சொல்லாமல், "நீங்களே யோசித்து மருத்துவமனைக்குத் திரும்பிப் போங்கள்" என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பயிற்றுநர் இரண்டு முறை பிரேக்கை மிதித்தார். இரண்டும் இடப்பக்கத்திலிருந்து வந்தவர்களுக்காக.

இறங்கியதும் தெரபிஸ்ட் சொன்ன வார்த்தை: "இப்போது கூடாது."

உறுப்பினர்களே, உங்கள் படிவத்தில் அந்த "இப்போது" எந்தக் கட்டத்தில் வரும்? உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில்தான் எங்களில் பெரும்பாலோர் இருக்கிறோம். அந்த இடத்தில் எங்களோடு நின்று வேலை பார்ப்பவர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் அங்கிருந்து அகற்றுகிறீர்கள்.

அதற்குப் பிறகு 11 வாரங்கள் பயிற்சி. நான் ஒரு கலங்கரை விளக்கம் என்று கற்பனை செய்துகொள்ளச் சொன்னார் தெரபிஸ்ட். வெளிச்சம் கடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றி வருவதுபோல் கண்ணும் கழுத்தும் இடது கோடி வரை போய்த் திரும்ப வேண்டும். புத்தகத்தின் இடது ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒட்டினோம். சிவப்பைப் பார்க்காமல் வரியைத் தொடங்கக் கூடாது. வீட்டில் மேசை, கதவு நிலை எல்லாவற்றிலும் ஒட்டினேன். அறிவிப்பை நான் இரண்டு முறை படித்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும். பிறகு காரில், கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டும் பயிற்சி. "இடது ஓரம் நாய், அடுத்து கதவு திறந்த கார், அடுத்து தெருமுனை." நான் சொல்லாமல் விட்டதை அவர் குறித்துக்கொள்வார். முதல் நாள் ஒரு பக்கம் நிரம்பியது. கடைசி வாரம் இரண்டே வரி.

ஒரு கையால் திருப்புவதற்கு ஸ்டியரிங்கில் குமிழ் பொருத்தினார்கள். இடப்பக்கம் இருந்த இண்டிகேட்டர் நெம்புக்கு ஒரு நீட்டுக்கம்பி வைத்து வலக்கை விரலுக்கு எட்டும்படி செய்தார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் களைப்பு சாதாரணக் களைப்பு இல்லை, விளக்கை அணைத்தாற்போல் வரும். எத்தனை நிமிடத்தில் எனக்கு அது வருகிறது என்று நாள்தோறும் எழுதச் சொன்னார். அதை வைத்து, ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று சேர்ந்து முடிவு செய்தோம். இரண்டாவது சாலைத் தேர்வில் பயிற்றுநரின் கால் பிரேக்கைத் தொடவில்லை. ஆட்டோமேட்டிக் கியர், குமிழ், பகல் நேரம் மட்டும், ஆறு மாதத்தில் மறு மதிப்பீடு என்ற நிபந்தனைகளோடு ஓட்ட அனுமதி கிடைத்தது. அந்த வாரமே அம்மாவை டயாலிசிஸுக்கு நான் கூட்டிப் போனேன்.

என் கதை ஒன்றை வைத்து மட்டும் கேட்கவில்லை. அந்த 11 வாரமும் காத்திருப்பு நாற்காலிகளில் நான் பார்த்தவர்கள் உண்டு. வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட ஒருவர், பிரேக்குக்கு இடப்பக்கம் பொருத்திய ஆக்சிலரேட்டரை இடது காலால் மிதிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். பழைய பெடலில் கால் தவறிப் படாமலிருக்க அதற்கு ஒரு தடுப்பு. வாங்கி மாட்டினால் ஓட்டிவிடலாம் என்று அவரும் நினைத்துத்தான் வந்தாராம். பல ஆண்டுப் பழக்கத்தில் இடது காலுக்குத் தெரிந்தது கிளட்ச் மட்டும். அவசரத்தில் அது என்ன செய்யும் என்று திடலில் பார்த்த பிறகுதான் பயிற்சியின் அவசியம் புரிந்தது என்றார். முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர் ஒருவர் கைநெம்பில் பழகினார், தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். பெருமூளை வாதத்தோடு பிறந்த 19 வயதுப் பெண், வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். சாதாரணப் பயிற்சிப் பள்ளிகள் அவளைச் சேர்க்கவே தயங்கின. உடம்பு சாயாமல் பிடிக்கும் பட்டையும் சீட்டின் கோணமும் சரியானதும் கைகள் இரண்டும் அவளுக்கு ஓட்டுவதற்குக் கிடைத்தன. தெரபிஸ்ட் அதைக் கண்டுபிடிக்க மூன்று அமர்வுகள் ஆயின. படிவத்தில் மூன்று நொடி ஆகியிருக்கும், "இல்லை" என்று.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரிவு எல்லாரையும் சாலைக்கு அனுப்பி வைக்கிறது என்று உங்களில் சிலர் நினைப்பதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர், மறதி நோயின் தொடக்கத்தில் இருந்தார். வீட்டில் பிள்ளைகள் சாவியை ஒளித்துவைத்து, அதனால் தினமும் சண்டை. தெரபிஸ்ட் அவரைச் சாலைக்குக் கூட்டிப் போனார், முழு மரியாதையோடு. திரும்பி வந்து, பின்சீட்டில் எழுதிய குறிப்பை அவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தார். தெரிந்த சாலையில் வழி தவறிய இடம், சிவப்பு விளக்கைத் தாண்டிய இடம். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, இனி வேண்டாம்" என்று அவர் வாயாலேயே சொன்னார். அன்றைக்கே அவர் வழக்கமாகப் போகும் இடங்களைப் பட்டியல் போட்டு, எங்கே பேருந்தில் போவது, எங்கே யார் கூட்டிப் போவது என்று இருவரும் எழுதினார்கள். ஓட்டுவதை நிறுத்தும் முதியவர்களுக்கு மனச்சோர்வு வரும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2016-இல் வந்தது. நிறுத்தத்தான் வேண்டும் என்றாலும், நிறுத்தும் விதத்துக்கும் ஒரு ஆள் வேண்டும்.

உங்கள் அறிவிப்பில் மூன்று காரணங்கள் இருந்தன. "பயன்படுத்துவோர் குறைவு" என்பது முதலாவது. நான் எப்படி வந்தேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் மாத்திரை, உணவு, உடற்பயிற்சி எல்லாம் இருக்கிறது. வண்டி ஓட்டுவது பற்றி ஒரு வரி இல்லை. பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது என்று விதியே உண்டு. இங்கே ஒரு நோயாளிக்கு அந்தக் கேள்வி எழுவதற்கே வழியில்லாமல் வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று கதவை மூடுவது நியாயமில்லை.

"ஒரு நோயாளிக்கு அதிக நேரம் ஆகிறது." ஆமாம், ஆகிறது. பெல்ஜியத்தில் பக்கவாத நோயாளிகள் 83 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். 5 வாரத்தில் 15 மணி நேரம் கார் சிமுலேட்டரில், அதாவது கார் ஓட்டுவதுபோலவே பழக வைக்கும் கருவியில், பயிற்சி பெற்றவர்களில், பிற்பாடு நடந்த அதிகாரபூர்வ மதிப்பீட்டில் தேறி ஓட்ட அனுமதி பெற்றவர்கள் 73 சதவீதம். அதே நேரத்தை வேறு வகைப் பயிற்சிகளில் செலவிட்டவர்களில் 42 சதவீதம். நேரம் செலவிட்டால் போதாது, ஓட்டுவதையே பழக்க வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு வலித்தது. "வாகனம் ஓட்டுவது மருத்துவத் தேவை அல்ல, இது ஒரு சோதனை முயற்சி." குளிப்பது மருத்துவத் தேவையா? சமைப்பது? அவற்றைத் திரும்பக் கற்றுத்தருவதற்குத்தான் ஆக்குபேஷனல் தெரபி என்ற துறையே இருக்கிறது. அமெரிக்காவில் அந்தத் துறையின் சங்கம், அன்றாட வாழ்வின் செயல்களை வகைப்படுத்தும்போது வாகனம் ஓட்டுவதையும் வெளியே போய்வருவதையும் அதில் சேர்த்திருக்கிறது. ஓட்டுநர் மறுவாழ்வுக்கென்றே தனிச் சங்கம் அங்கே 1977-இல் தொடங்கியாகிவிட்டது. இன்னும் எத்தனை ஆண்டு ஆனால் இது சோதனை முயற்சி இல்லை என்று ஒப்புக்கொள்வீர்கள்?

நான் கேட்பவை இவை. மாதக் கடைசியில் பிரிவை மூடும் முடிவை நிறுத்திவையுங்கள். மறுபடி முடிவெடுக்கும் முன், அங்கே பயிற்சி பெற்றவர்களையும், வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களையும், அவர்கள் குடும்பத்தாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்துங்கள். இரட்டை பிரேக் காரை விற்காதீர்கள். அது போய்விட்டால் பிரிவைத் திறந்து வைத்தாலும் பயனில்லை.

பக்கவாதம், தலைக்காயம், கை கால் இழப்பு, மறதி நோய் என்று வரும் ஒவ்வொருவருக்கும், வீட்டுக்கு அனுப்பும் தாளில் வண்டி ஓட்டுவது பற்றிய கேள்வியைச் சேர்த்து, சந்தேகம் உள்ளவர்களைத் தெரபிஸ்டிடம் அனுப்புங்கள். ஓராண்டு அப்படிச் செய்துவிட்டு, அதன் பிறகு ஆள் வருகிறார்களா என்று எண்ணுங்கள்.

இதில் எதுவுமே உங்களால் முடியாது என்றாலும், இப்போது பயிற்சியின் நடுவில் இருப்பவர்களை முடிக்க விடுங்கள். கைநெம்பில் பழகும் அந்த இளைஞருக்குச் சாலைத் தேர்வு இன்னும் நடக்கவில்லை. பாதியில் விட்டால் அவர் சும்மா இருக்க மாட்டார், தானாகவே ஓட்டத் தொடங்குவார். நான் தொடங்கியதுபோல.

கடைசியாக ஒன்று. என் ஆறு மாத மறு மதிப்பீடு அடுத்த மாதம் வருகிறது. நான் சம்மதிக்கிறேன், எழுதியும் தருகிறேன். உங்கள் குழுவிலிருந்து ஒருவர் அன்றைக்குப் பின்சீட்டில் தெரபிஸ்ட் பக்கத்தில் வந்து உட்காருங்கள். அவர் எதை எழுதுகிறார், எப்போது எழுதுகிறார் என்று பாருங்கள். முக்கியமாக, இடப்பக்கம் ஒரு சைக்கிள் வரும்போது என் கழுத்து திரும்புகிறதா என்று பாருங்கள். தேதியை எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவில் பயிற்சி பெற்ற ஒரு பெண்